நான் மொழிபெயர்க்காத கேள்வி

ஜப்பானில் ஒரு மனை, அரை ஏக்கருக்கு ஒரு செண்ட் குறைவு. ஏரி தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினால் காரில் பத்து நிமிடம். விலை 48 லட்சம் யென், அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 27 லட்சம் ரூபாய். திருப்பூரில் அவினாசி சாலையை ஒட்டி அந்தக் காசுக்கு ஒரு லாரியை நிறுத்தி வைக்கக்கூட இடம் கிடைக்காது என்றார் மச்சான். சரியாகத்தான் சொன்னார். இந்தக் கதை ஆரம்பித்ததே அதனால்தான்.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பின்னலாடை ஏற்றுமதி செய்கிறவர். அவர் எப்போதும் டாலர் விலையைப் பார்த்தபடிதான் காலைக் காபி குடிப்பார். 2024 ஜூன் கடைசியில் யென் சரிந்து டாலருக்கு 160ஐத் தாண்டியது. 1986க்குப் பிறகு யென் அவ்வளவு கீழே போனதில்லை. அன்றைக்கே போன் வந்துவிட்டது. “மாப்ள, நீ அங்க பதினாலு வருசமா என்னத்தப் பண்ணிட்டிருக்கே? நெலம் சல்லிசாக் கெடக்குது, நீ கம்முனு ஆபீசுக்குப் போயிட்டு வந்துட்டிருக்கே.” நிசெகோ என்ற பனிமலை ஊரில் ஆஸ்திரேலியர்கள் பனிச்சறுக்கு விடுதி கட்டிய கதை, ஹக்குபாவில் விலை ஏறிய கதை, அடுத்தது மியோகோதான் என்று யாரோ ஒருவர் பேசிய காணொளி என்று வரிசையாக வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. கடைசிச் செய்தி முழுக்கச் சும்மா பேச்சும் இல்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனம் ஒன்று மியோகோ பக்கம் பெரிய அளவில் நிலம் வாங்கி உல்லாச விடுதிகள் கட்டப்போவதாக ஜப்பானியச் செய்தித்தாள்களிலேயே வந்திருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு ஏரி. ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு காட்டேஜ். “நீதான் மேனேஜர்” என்றார் மச்சான்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள் என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பதினாலு வருடமாக டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறேன். காலை ஏழு இருபது ரயிலில் எந்தப் பெட்டியில், எந்தக் கதவருகே நின்றால் இறங்கியதும் மாடிப்படி நேராக வரும் என்பதுவரை தெரியும். அப்படிப்பட்டவனிடம் ஏரிக்கரை, மரவீடு, மேனேஜர் என்றால்? பணம் மச்சானுடையது என்றாலும் அவரைவிட ஆசை அதிகம் எனக்குத்தான் இருந்தது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு இது சமாதானம் ஆகாது. காரணம் இதுதான் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தாளில் எல்லாம் எளிது

ஏரியின் பெயர் நோஜிரி. நாகானோ மாகாணத்தின் வடக்கு ஓரம், ஷினானோ என்ற சிற்றூர். நாகானோ வரை புல்லட் ரயில், அங்கிருந்து குரோஹிமே நிலையத்துக்கு ஊர்ந்து போகும் சின்ன ரயில். கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் உயரம். அக்டோபரில் மலைச்சரிவு முழுக்கச் செம்பும் மஞ்சளுமாக இருந்தது. மச்சான் இறங்கியதும் முதலில் காற்றைத்தான் இழுத்துப் பார்த்தார். “கொடைக்கானல் மாதிரியே இருக்குது, ஆனா கூட்டத்தக் காணமே” என்றார்.

சட்டத்தைப் பற்றி அவருக்கு இருந்த பயமெல்லாம் ரயிலிலேயே தீர்ந்துவிட்டது. ஜப்பானில் நிலம் வாங்க நீ எந்த நாட்டுக்காரன் என்று யாரும் தடுப்பதில்லை. குடியுரிமை வேண்டாம், விசா வேண்டாம், இங்கே வசிக்கவே வேண்டாம். வாங்கினால் முழு உரிமை, தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை மாதிரியான வித்தையெல்லாம் கிடையாது. 1925இல் கொண்டுவந்த வெளிநாட்டவர் நிலச் சட்டம் ஒன்று ஏட்டில் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் செயல்படுத்தும் ஆணைதான் இன்று ஒன்றுகூட இல்லை. ராணுவத் தளங்கள், எல்லைத் தீவுகள் இவற்றின் அக்கம்பக்கத்துக்கு மட்டும் 2021இல் ஒரு சட்டம் வந்தது. வடக்குத் தீவான ஹொக்கைதோ 2012 முதல் நீராதாரப் பகுதி நிலங்களை விற்கும்முன் அறிவிக்கச் சொல்கிறது. நம் மனைக்கு இவை எதுவும் பொருந்தாது. வெளிநாட்டில் இருப்பவர் வாங்கினால் 20 நாளுக்குள் ஜப்பான் வங்கி வழியாக நிதியமைச்சருக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து பத்திரப்பதிவின்போது உள்நாட்டில் தொடர்புக்கு ஓர் ஆளைக் காட்ட வேண்டும். அந்த ஆள் நான். நம் பக்கமும் ரிசர்வ் வங்கி ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப விடுகிறது, நிலம் வாங்கவும் அதைப் பயன்படுத்தலாம். மச்சான் விரலை மடக்கி எண்ணிவிட்டு, “ஊட்டியில ஒரு பிளாட் வாங்கறதுக்கு இதவிட நாலு மடங்கு அலஞ்சேன்” என்றார்.

நிலம் வாங்கினால் இங்கே வந்து தங்கும் உரிமை வராது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் தலையாட்டினார், காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மனையைக் காட்ட வந்த தரகர் இளைஞர், அடக்கமானவர். கையில் இரண்டு தாள். ஒன்று பதிவேட்டு நகல், நிலத்தின் வகை ‘காடு’ என்று போட்டிருந்தது. இன்னொன்று ஒரு வரைபடம். அந்த வரைபடத்தைப் பார்த்ததும் மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூர்க் கிராம வரைபடம் மாதிரி, கையால் இழுத்த கோடுகள். 1873இல் தொடங்கிய நிலவரிச் சீர்திருத்தத்தின்போது கயிறு பிடித்து அளந்த கணக்கின் வாரிசு அது. இப்படிப்பட்ட அளவுகளை இங்கே ‘கயிறு நீண்டது’ என்று ஒரு சொல்லால் குறிப்பார்கள். வரி குறையட்டும் என்று அன்று சனங்கள் கயிற்றைத் தாராளமாகப் பிடித்து நிலத்தைச் சிறிதாக எழுதி வைத்தார்கள். அதனால் மலையோர நிலங்கள் பதிவேட்டில் இருப்பதைவிடத் தரையில் பெரிதாக இருப்பது சகஜம். “அப்போ அரை ஏக்கருக்கு மேலயே வரும்னு சொல்லு” என்று மச்சான் கண்ணடித்தார். அடுத்த மனைக்காரனுக்கும் அதே கயிறுதான் நீண்டிருக்கும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டவற்றில் இதுதான் சின்னது.

அரிவாளோடு ஒருவர்

மனை சாலையின் மேல்பக்கம் இருந்தது. கீழ்ப்பக்கம் சாலை, அதற்குக் கீழே மரங்கள், மரங்களின் இடுக்கில் தண்ணீர். இடப்பக்கத்து மனையில் ஒரு மரவீடு, கூரையின் நடுப்பகுதி உள்ளே விழுந்து, ஒரு பக்கச் சுவர் மட்டும் விறைப்பாக நின்றது. ஜன்னலில் இன்னும் திரைச்சீலை தொங்கியது. பனி அழுத்தி விழுந்திருக்கும் என்றார் தரகர். யாருடையது என்று கேட்டேன். பதிவேட்டில் இருக்கும் பெயர் 1980களில் வாங்கியவருடையது, கடிதம் போட்டால் திரும்பி வருகிறது என்றார். வலப்பக்கம் வெறும் புதர்.

மச்சான் சரிவில் ஏறி நின்று கைகளை விரித்து, காட்டேஜ்களைக் காற்றில் நட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் கீழே சாலையோரத்தில் ஒருவர் நிமிர்ந்தார். எண்பதை ஒட்டிய வயது. ரப்பர் பூட்ஸ், கழுத்தில் துண்டு, கையில் அரிவாள். சாலையின் ஓரப் புல்லை அறுத்து, அறுத்ததைச் சாய்த்து அடுக்கிக்கொண்டே வந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். நானும் தாழ்த்தினேன்.

அந்த அரிவாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷினானோ அரிவாளுக்குப் பேர்போன ஊர். ‘ஷின்ஷூ உச்சிஹாமோனோ’ என்று இந்த ஊர்க் கொல்லர்கள் அடிக்கும் வெட்டுக்கருவிகளுக்கு அரசாங்கமே மரபுக் கைவினை என்று முத்திரை கொடுத்திருக்கிறது. மெல்லிய, அகலமான அலகு, புல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற மாதிரி லேசாக உள்வளைந்தது. நம்மூர்க் கதிர் அரிவாளில் இருக்கும் பல் இதில் இல்லை. கையால் புல்லைச் சேர்த்துப் பிடிக்காமலே அறுக்கலாம். மச்சானும் மேலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.

தரகர் அவரிடம் போய், இவர்கள் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள், மனையைப் பார்க்கிறார்கள் என்று அறிமுகம் செய்தார். பெரியவர் மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மனையைப் பார்த்தார். பிறகு கோபமோ கிண்டலோ இல்லாமல், மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார்: “குசா வா, தாரே கா காரு நோ?”

புல்லை யார் வெட்டுவது?

மச்சான் இறங்கி வந்து, “என்ன கேக்குறாரு மாப்ள?” என்றார்.

எனக்குக் கேள்வி நன்றாகவே புரிந்தது. கேட்டது அந்த மனையின் புல்லைப் பற்றி மட்டும் இல்லை என்பதும் புரிந்தது. இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வருடத்துக்குச் சில நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து சாலையோரப் புல் வெட்ட வேண்டும், வாய்க்கால் தூர் வார வேண்டும். ‘ஃபுஷின்’ என்பார்கள். வராத வீடு அதற்கு ஈடாகப் பணம் கட்டும். குடிமராமத்து என்று சொன்னால் நமக்கு ஒரே சொல்லில் முடிந்துவிடும். குளிர்காலத்தில் பனி தள்ளுவது, குப்பை போடும் இடத்துக் கூண்டைக் கழுவுவது, தெருவிளக்குக்கு மின்கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் கணக்கு உண்டு. ஆள் குறையக் குறைய, இருப்பவன் பங்கு கூடும். இடப்பக்கத்துப் பாழ்வீட்டின் பங்கும் வலப்பக்கத்துப் புதரின் பங்கும் சேர்த்து அந்த எண்பது வயதுத் தோளில்தான் இருந்தன. மூன்றாவதாக ஒன்று சேருமா சேராதா என்பதை அவர் தெரிந்துகொள்ள விரும்பினார்.

நான் மச்சானிடம், “எந்த ஊர்ல இருந்து வந்திருக்கீங்கன்னு கேக்குறாருங்க மச்சான்” என்றேன்.

“திருப்பூர்னு சொல்லு. பனியன் ஊருன்னு சொல்லு.” முகமெல்லாம் சிரிப்பு.

பெரியவர் பக்கம் திரும்பி, ஜப்பானிய மொழியில், “ஒரு நிறுவனத்தை அமர்த்திப் பார்த்துக்கொள்வோம்” என்றேன். பெரியவர், “ஆ, நிறுவனமா” என்றார். அவ்வளவுதான். தலை தாழ்த்திவிட்டு மறுபடியும் குனிந்தார். மச்சான் அவருக்குக் கும்பிடு போட்டார். ஒருவர் கேட்ட கேள்வி மற்றவருக்குப் போகவில்லை, அவர் சொன்ன பதில் இவருக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் மரியாதை குறையாமல் எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மொழிபெயர்ப்பாளனாக எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கடுமையைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுப்பது அந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான். இது அந்த வகை இல்லை. கேள்வியை மச்சானிடம் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று நானே முடிவு செய்துவிட்டேன். “அதெல்லாம் ஆள் போட்டுக்கலாம்” என்பார் என்று நினைத்து அந்தப் பதிலை அவருக்காக நானே சொல்லிவிட்டேன். மேனேஜர் வேலை பறிபோய்விடுமோ என்ற பயமும் நாக்கின் அடியில் இருந்தது. புல் வெட்டவேண்டியவன் நானாகத்தானே இருந்திருப்பேன்?

தண்ணீர் யாருடையது

அன்று மாலை கஷிவபாராவுக்குப் போனோம். ஹைக்கூக் கவிஞர் இஸ்ஸா பிறந்த ஊர், ஏரிக்குப் பக்கத்தில்தான். ஊர் அவரைக் கொண்டாடுகிறது, ரயில் நிலையத்திலிருந்து மிட்டாய் டப்பா வரை அவர்தான். மச்சானுக்குக் கவிதையில் ஈடுபாடு கிடையாது. ஆனால் 1801இல் அப்பா இறந்தபிறகு சொத்துக்காகச் சிற்றன்னையோடும் அவர் மகனோடும் இஸ்ஸா பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டி, கடைசியில் வீட்டையே நடுவில் பிரித்துக்கொண்டார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாதி வீடும் 1827இல் ஊரோடு எரிந்தது. மிஞ்சிய மண்சுவர்க் களஞ்சியத்தில் இருந்தபடியே அவர் செத்துப்போனார். அந்தக் களஞ்சியம் இன்றும் இருக்கிறது. நம் வீட்டுப் பூஜையறை அளவு. “பன்னண்டு வருசமா?” என்று அதை இரண்டு தடவை சுற்றி வந்தார் மச்சான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒவ்வொரு நில வழக்கு இருப்பதால் அவர் எதை யோசித்தார் என்று எனக்குத் தெரியும்.

ஏரியைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அவர் ஊர் திரும்பிய பிறகுதான். படித்திருக்க வேண்டிய வரிசை இதுவல்ல, தெரியும். நோஜிரி இருப்பது நாகானோவில். அதன் தண்ணீரோ எல்லை தாண்டி நீகாத்தா மாகாணத்து வயல்களுக்குப் போகிறது, 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய நாக்காயே என்ற கால்வாய் வழியாக. 1934இல் அங்கே ஒரு மின்நிலையம் வந்தது. கீழே ஓடும் நீரை ஏரிக்குள் ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. ஜப்பானில் இந்த வகையில் அதுதான் முதல். ஆக ஏரியின் மட்டம் விவசாயிகளின் கணக்குக்கும் மின்சாரக் கணக்குக்கும் ஏற்ப ஏறி இறங்கும். குளிர்காலம் முடிகையில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அப்படி வெளிப்படும் படுகையில்தான் நௌமான் யானை என்ற அழிந்துபோன யானையின் எலும்புகளைத் தோண்டுகிறார்கள். 1948இல் ஊர்க்காரர் ஒருவர் கரையில் ஒரு கடைவாய்ப்பல்லைக் கண்டெடுத்ததில் தொடங்கிய கதை அது. 1962 முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் அகழாய்வாக நடக்கிறது.

மார்ச் கடைசியில் நான் மட்டும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். எங்கள் மனையிலிருந்து தெரிந்த தண்ணீர் இல்லை. சேறும் கல்லும் பழைய பனியுமாக ஒரு பட்டை, அதற்கப்பால் எங்கேயோ ஏரி. ‘ஏரி தெரியும்’ என்று போட்டிருந்த விளம்பரத்தில் பொய்யில்லை, எந்த மாதம் என்று மட்டும் போடவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டின் ஆகப்பெரிய ஏரியான பிவா, 670 சதுர கிலோமீட்டர், சட்டத்தின் கண்ணில் ஏரியே அல்ல. நதிச் சட்டப்படி அது முதல்நிலை ஆறு. ஆற்றங்கரைக்கு உள்ள கட்டுப்பாடெல்லாம் அதன் கரைக்கும் உண்டு. அந்தப் பிவா 1896 செப்டம்பரில் 3.76 மீட்டர் ஏறி, வடிய எட்டு மாதம்போல் எடுத்துக்கொண்டது. அதே பிவாவின் கரையில் 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தை நம்பிக் கட்டத் தொடங்கி, பணமில்லாமல் எலும்புக்கூடாக நின்ற ஒரு அடுக்குமாடி விடுதியை ஊரார் பேய்க் கட்டடம் என்றே கூப்பிட்டார்கள். 1992இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டவர் என்பதுதான் சிக்கல் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். இதே நோஜிரியின் கரையில் 1921 முதல் ஒரு வெளிநாட்டவர் குடியிருப்பு இருக்கிறது. மலை வாசத்தலமான கருயிசாவா ரொம்பப் பகட்டாகிவிட்டது என்று அங்கிருந்து கிளம்பி வந்த கிறிஸ்தவ மதபோதகர்கள் அமைத்தது. மரங்களுக்கு நடுவே எளிய கோடை வீடுகள். தாத்தா வந்த வீட்டுக்குப் பேரன் வருகிறான். நூறு வருடம் ஆயிற்று.

அதே உச்சரிப்பு, வேறு எழுத்து

அசையாச் சொத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘ஃபுதோசான்’. முதல் எழுத்துக்கு ‘இல்லை’ என்று பொருள், அசைவது இல்லை. கொஞ்ச காலமாக அந்த எழுத்தை எடுத்துவிட்டு, அதே ‘ஃபு’ என்று ஒலிக்கும் இன்னொரு எழுத்தைப் போடுகிறார்கள். அதற்குச் சுமப்பது, கடன், தோற்பது என்றெல்லாம் பொருள். சொல்லிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எழுதிப் பார்த்தால்தான் சொத்து சுமையாக மாறியிருப்பது தெரியும்.

இந்த எழுத்து விளையாட்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1960களிலிருந்து 80கள் வரை, இங்கே புல்லட் ரயில் வரப்போகிறது, அங்கே உல்லாச நகரம் எழப்போகிறது என்று சொல்லி, ஹொக்கைதோவிலும் நாசுவிலும் ஒன்றுக்கும் உதவாத காட்டு நிலத்தைத் துண்டு போட்டு நகரத்துச் சம்பளக்காரர்களிடம் விற்றார்கள். ‘கென்யா ஷோஹோ’ என்று பெயர், தரிசு வியாபாரம். தமிழில் எழுதினால் ஆப்பிரிக்காவில் நடந்த மாதிரி இருக்கிறது, என்ன செய்ய. 1987இல் அரசாங்கமே ஓய்வுத்தலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து மலையையும் கடற்கரையையும் திறந்துவிட, பொன்மழைக் காலத்தில் ஆளாளுக்கு விடுதியும் கோல்ஃப் மைதானமும் போட்டார்கள். 90களின் தொடக்கத்தில் நில விலை உடைந்தது. அன்று வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது வயது அறுபது. அந்தத் துண்டு நிலத்தை விற்க முடியாது, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. அவர்களைத் தேடி மறுபடியும் மோசடிக்காரர்கள் வருகிறார்கள்: உங்கள் நிலத்துக்கு ஆள் இருக்கிறது, முதலில் அளவைக்குப் பணம் கட்டுங்கள் என்று.

பலர் பதிவையே மாற்றாமல் விட்டுவிட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்குழுவின் கணக்கு, உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்க முடியாத நிலம் ஏறக்குறைய 41 லட்சம் ஹெக்டேர் என்றது. கியூஷூ தீவைவிடப் பெரியது. பிறகுதான் சட்டங்கள் வேகமெடுத்தன. பக்கத்து மனை மரக்கிளை நம் பக்கம் நீண்டால், அந்த ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நாமே வெட்டலாம் என்ற சிவில் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வாரிசுப் பதிவை மூன்று வருடத்துக்குள் செய்யாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம் என்பது 2024 ஏப்ரலில் வந்தது. வேண்டாத நிலத்தை அரசிடமே ஒப்படைக்கவும் 2023இல் ஒரு வழி திறந்தார்கள். அதற்கு ஒரு மனைக்கு 14,000 யென் பரிசீலனைக் கட்டணம், ஏற்றுக்கொண்டால் மேலும் இரண்டு லட்சம் யென் அடிப்படைத் தொகை. ஆமாம், கொடுப்பவர்தான் கட்ட வேண்டும். அதுவும் வாரிசாக வந்த நிலத்துக்குத்தான். ஆசைப்பட்டு விலை கொடுத்து வாங்கியவனுக்கு அந்தக் கதவு கிடையாது.

மண்ணில் போட்ட காசு வீண்போகாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். நம் ஊரில் நிலத்தை வாங்கிக் கம்பி வேலி போட்டு விட்டுவிடலாம், அது தன்பாட்டில் கிடந்து விலை ஏறும். புல் முளைத்தால் ஆட்டுக்காரர் வருவார். நோஜிரியில் விடப்பட்ட நிலம் சும்மா கிடப்பதில்லை. வருடம் 1.4 சதவீதம் சொத்துவரி கேட்கிறது, மரம் சாய்ந்து சாலையை மறிக்கிறது, பனி கூரையை உடைத்து ஓடுகளைக் காற்றில் அடுத்த மனைக்கு அனுப்புகிறது. 48 லட்சம் யென் விலை குறைவு என்று நாங்கள் நினைத்தோம். விற்றவரோ விட்டால் போதும் என்றிருந்தார்.

பத்திரத்தில் இல்லாதது எதுவும் கட்டுப்படுத்தாது என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. ஜப்பானிய சிவில் சட்டத்தில் ‘இரியாய்’ என்று ஓர் உரிமை இருக்கிறது. ஒரு கிராமத்தார் ஒரு மலையில் கூட்டாகப் புல்லும் விறகும் எடுத்துவந்த பழக்கமே உரிமையாகிறது. அதைப் பதிவேட்டில் எழுதவே முடியாது. எழுதாவிட்டாலும் புதிதாக வாங்கியவனுக்கு எதிராகச் செல்லும். இவாத்தே மாகாணத்தில் கொத்சுனாகி என்ற சிற்றூரில் இந்த உரிமைக்காக 1917இல் தொடங்கிய சண்டை 1966இல் உச்ச நீதிமன்றம் வரை நீண்டது. அங்கே தீர்ப்பு கிராமத்தாருக்குச் சாதகமாக வரவில்லை. எங்கள் மனையில் அப்படி எந்த உரிமையும் இல்லை, விசாரித்தாயிற்று. ஆனாலும் அதைப் படித்த இரவு பெரியவரின் குரல்தான் காதில் கேட்டது. வாங்க வருகிறவனிடம் ஊர் ஒரு கேள்வி கேட்கலாம் என்பதைச் சட்டமும் ஒருகாலத்தில் மதித்திருக்கிறது.

மச்சான் சொன்னது

மச்சான் அந்த மனையை வாங்கவில்லை. காரணம் புல் இல்லை, கட்டட விதி. ஏரி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 2015இல் தனியாகப் பிரித்த மியோகோ-தொகாகுஷி ரென்சான் பூங்கா. பூங்காக்களின் இரண்டாம் வகைச் சிறப்புப் பகுதிக்கு உள்ள பொதுவிதியை அனுப்பினேன்: 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டடம் நிலத்தில் 20 சதவீதம், எல்லாத் தளமும் சேர்த்து 40 சதவீதம், உயரம் 13 மீட்டர். மரம் வெட்டவும் அனுமதி. எங்கள் மனைக்குக் கணக்குப் போட்டால் எல்லாத் தளமும் சேர்த்து 800 சதுர மீட்டருக்குள். அதற்குள் பன்னிரண்டு காட்டேஜ், உணவகம், கழிவுநீர்த் தொட்டி. “இதுக்கு வட்டி கட்டவே பத்தாது மாப்ள” என்று ஒரே நிமிடத்தில் முடித்தார். அவர் வியாபாரி. எனக்குத்தான் ஒரு வாரம் ரயிலில் கதவருகே நிற்கவே பிடிக்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, காங்கேயம் பக்கம் அவருடைய தோட்டத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ அந்த ஏரிக்குப் போனது. “அந்த அருவாக்காரரு நல்ல மனுசன். கேட்டாரே, எந்த ஊருன்னு” என்றார். சொல்லிவிட்டேன். கேட்டது ஊரை இல்லைங்க மச்சான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், நான் பெரியவருக்குக் கொடுத்த பதில் உட்பட.

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

“கீழ்பவானித் தண்ணி வர்றதுக்கு முன்னாடி, வருசா வருசம் கொப்பு வாய்க்கா வெட்டப் போவோணும். வீட்டுக்கு ஒராளு. எங்கப்பனுக்கு முடியாதப்ப நான் போயிருக்கேன், எட்டாவது படிக்கறப்ப. வராதவன் கூலி கட்டோணும். கட்டாம ஏமாத்துனா கடைமடைக்காரன் வாயில மண்ணு.” கொஞ்சம் நிறுத்தினார். “எங்கிட்ட அந்தக் கேள்வியக் கேட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே மாப்ள.”

“என்ன சொல்லியிருப்பீங்க?”

“தெரியல. அங்கயே நின்னு யோசிச்சிருப்பேன்.” பிறகு, “அந்த அருவாளுக்குப் பல்லு கெடையாது, பாத்தியா? இழுத்தா வந்துருது. நான் அதத்தான் பாத்துட்டிருந்தேன்” என்றார்.

எட்டாவது படிக்கும்போது வாய்க்கால் வெட்டிய ஆளிடம், புல் யார் வெட்டுவது என்ற கேள்வியை, புரியாது என்று மறைத்தவன் நான். இரண்டு விவசாயிகள் நேருக்கு நேர் நின்றார்கள். நடுவில் நின்ற அடுக்ககக்காரன் வழிவிடவில்லை. அவர்கள் பேசியிருந்தாலும் நிலம் கைமாறியிருக்காது, 40 சதவீதம் 40 சதவீதம்தான். ஆனால் மச்சான் அந்த அரிவாளைக் கேட்டு வாங்கி நாலு இழுப்பு இழுத்துப் பார்த்திருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த மனை இன்னும் விற்கவில்லை. அவ்வப்போது தரகரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். விலை 39 லட்சத்துக்கு வந்திருக்கிறது. போன வாரம் படத்தை மாற்றியிருந்தார்கள், கோடையில் எடுத்தது. ஏரி நிறைய நீலம். இடப்பக்கத்து வீட்டில் நின்றிருந்த சுவரும் இப்போது இல்லை. சாலையோரம் நெடுக, எங்கள் மனை என்று நாங்கள் நினைத்த இடத்தின் முன்னாலும், புல்லை வெட்டிச் சாய்த்து அடுக்கியிருந்தது.